ஒற்றை மாதிரி

காலையில் எழுந்ததும் முதலில் தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுவேன். முகம் கழுவுவது அதற்குப் பிறகுதான். இரவில் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு படிந்திருக்கும். குவளையால் பாதியை மொண்டு வெளியே கொட்டிவிட்டு, முந்தின நாள் ஏரியிலிருந்து கொண்டுவந்து நிழலில் வைத்திருந்த தண்ணீரை ஓரமாக ஊற்றுவேன். நேராக ஊற்றக் கூடாது. தண்ணீர் கலங்கினால் ஆண் பூச்சிகள் முதுகில் ஒட்டியிருக்கும் முட்டைகளைப் பின்னங்கால்களால் தேய்த்து உதிர்த்துவிடும். உதிர்ந்த முட்டை பொரிக்காது. பிறகு இரையாகத் தொட்டிக்கு ஒரு தவளைக்குஞ்சு. பிறகு கரியடுப்பைப் பற்றவைத்துத் தேநீருக்கு வைப்பேன். மரவள்ளி மிச்சம் இருந்தால் அதே கரியில் சுட்டுக்கொள்வேன். பள்ளிக்கூட நாளானால் சட்டை மாற்றிக்கொண்டு போவேன். இல்லாவிட்டால் தொட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன்.

இன்று நீங்கள் வந்தபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் நல்லவர், டாக்டர். உள்ளே வந்ததும் என் மனைவிக்காக வருத்தம் சொன்னீர்கள். அதற்குமேல் அவளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. உங்கள் அருங்காட்சியகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தது பூச்சிக்காக. பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள்: ஒரே ஒரு ஆணை வைத்துக்கொண்டு ஒரு புது இனத்தை எப்படி அறிவித்தீர்கள், அதுவும் இத்தனை அவசரமாக?

நியாயமான கேள்வி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். பதில் கொஞ்சம் நீளம். மழை விடும்வரை நீங்களும் எங்கும் போக முடியாது. பாதையில் இந்நேரம் தண்ணீர் ஏறியிருக்கும்.

நானும் கவுதாவும் கம்பாலாவில் ஒரே வகுப்பில் படித்தோம். மதிப்பெண் எனக்கு அதிகம். கண் அவளுக்கு. ஒரு தட்டு நிறைய ஏரிக் குப்பையைக் கொட்டினால் நான் இலை, வேர், சேறு என்று பார்ப்பேன். அவள் அதற்குள் கால்களைப் பார்ப்பாள். கல்யாணம் ஆனதும் இங்கே வந்தோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியர் வேலை. அவளுக்கு உங்கள் அருங்காட்சியகத்துக்காகக் கியோகா ஏரியின் நீர்ப்பூச்சிகளைச் சேகரிக்கும் வேலை. இந்தத் தகரக் கூரை வீட்டை யாரோ மீன் வளர்ப்பதற்காகக் கட்டி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று பக்கமும் கோரை. நான்காவது பக்கம் படகுத்துறை. காற்று ஒரு பக்கமாக அடித்தால் மிதக்கும் கோரைத் திட்டுகள் நகர்ந்து வந்து துறையை மூடிவிடும். அப்போது ஆண்கள் வெட்டுக்கத்தியோடு இறங்கி வழி வெட்டுவார்கள். வெட்டிய வழி அடுத்த காற்றில் மூடிக்கொள்ளும். இங்கே இருப்பவர்களுக்கு அது பழக்கம். எனக்கு ஆகவில்லை.

முதல் பூச்சியைக் கொண்டுவந்தது லொவீசா. கூடை வைத்து மீன் பிடிப்பவள், பெரிய வாய். ஒருநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்தாள்.

“ஏடி கவுதா, இந்தா உன் சொந்தக்காரன். என் மீனையெல்லாம் குத்தி உறிஞ்சிட்டு முதுகுல முட்டையோட உக்காந்திருக்கான்.”

கவுதா எட்டிப் பார்த்துவிட்டு, “அது ஆம்பளை, லொவீசா அக்கா. பொம்பள முட்டைய அவன் முதுகுல ஒட்டிட்டு அவ பாட்டுக்குப் போயிடுவா. பொரிக்கிற வரைக்கும் அவன்தான் சுமக்கணும்” என்றாள்.

லொவீசா கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “வாத்தியாரே, கேட்டியா? பூச்சிக்கு இருக்கிற பொறுப்பப் பாரு. நீ இவ துணி மூட்டையையாவது ஒருநாள் தூக்கியிருக்கியா?”

கவுதா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்று மாலைவரை அவள் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்த வகைப் பூச்சிகளில் இனத்தைத் தீர்மானிப்பது ஆணின் வயிற்று நுனிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கி. உங்களுக்குத் தெரியாததல்ல. பழைய இனத்தில் அது அரிவாள் போல வளையும். இதில் வளைவு பாதியில் நின்றிருந்தது. இறகும் குட்டை, வயிற்றை முழுவதும் மூடவில்லை.

“கிருண்டா, இங்க வா. நான் பார்க்கிறதத்தான் நீயும் பார்க்கிறியான்னு சொல்லு.”

பார்த்தேன். கொக்கியைப் பார்த்தேன். அவள் முகத்தையும் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்றுகூட அந்த முகம் இல்லை.

அந்தப் பூச்சி மறுநாளே போய்விட்டது. வரைவதற்காக அதைத் திறந்த தட்டில் வைத்திருந்தாள். எங்கள் மேசைக் கால்கள் நான்கும் மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாக்களில் நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்க. டப்பாக்களை நிரப்புவது என் வேலை. ஒன்றில் வற்றிப் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. காலையில் தட்டில் தலையும் இரண்டு கால்களும் மட்டும் இருந்தன. அவள் என்னைத் திட்டவில்லை. அமைதியாக மண்ணெண்ணெய் எடுத்து நான்கு டப்பாக்களையும் அவளே நிரப்பினாள். அன்றிலிருந்து அந்த வேலையை என்னிடம் விடவே இல்லை. இதைச் சொல்வது குறையாக அல்ல. அவள் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதன்பிறகு அந்தப் பூச்சி கிடைக்கவில்லை. வறட்சிக்காலம் முழுவதும் தேடினோம். அதற்குள் உங்கள் அருங்காட்சியகம் அவளை அழைத்திருந்தது. அங்கேயே வந்து மேலே படிக்கலாம், இங்கே கிடைத்த பூச்சிகளை அங்கே வைத்து எழுதலாம் என்று. நீங்களே அதற்குச் சிபாரிசு செய்ததாகப் பிறகு அறிந்தேன். மழைக்காலம் முடிந்ததும் போவதாக அவள் முடிவு செய்துவிட்டாள். நானும் வரலாமா என்று நான் கேட்கவில்லை. வா என்று அவளும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை இருந்தது, அவ்வளவுதான். இதில் சண்டை எதுவும் நடக்கவில்லை.

நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். பூச்சி திரும்பக் கிடைத்தால் அதைப் புது இனமாக நான் எழுதுகிறேன் என்றேன். காரணம் சொன்னேன். எழுதுகிறவர் தன் பெயரைத் தான் கண்டுபிடித்த இனத்துக்கு வைத்துக்கொள்வது வழக்கமில்லை. தடை ஒன்றுமில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை, செய்தால் ஊர் சிரிக்கும். நான் எழுதினால் அவள் பெயரை வைக்கலாம். அவள் பெயர் பூச்சியோடு என்றைக்கும் இருக்கும். ஒரு கணவன் மனைவிக்குக் கொடுக்கக்கூடியதில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

அவள் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தவில்லை.

“கவுதாங்கிறது எங்க குலத்துப் பேரு, கிருண்டா. பூச்சிக்கு வைக்கணும்னா எங்க பெரியவங்ககிட்ட ஆடு ஓட்டிட்டுப் போய்க் கேளு. நல்ல ஆடா இருக்கட்டும்.”

“விளையாடாதே.”

“யாரு விளையாடுறா? ஒரு ஆம்பளப் பூச்சி முதுகுல என் பேரு எதுக்கு? நான் இந்தக் கோரைக்காட்டுப் பேரை வைக்கப்போறேன். எழுதினவங்க பேரு இனத்துப் பேருக்குப் பின்னால வரும்ல? அங்க என் பேரு வரட்டும். அதுதான் எனக்கு இடம்.”

பிறகு களியை இறக்கி வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். “அதுவும் இப்ப இல்ல. ஒரு மழை பார்க்கணும். இது வறட்சிக்காலத்து உடம்பா இருக்கலாம். தண்ணி கோரைக்குள்ளயே நிக்கிறப்ப எதுக்கு நீள இறகு? வெள்ளம் வந்தா வேற இடத்துக்குப் பறக்கணும். அப்ப இதோட பிள்ளைங்களுக்கு இறகு நீண்டுச்சுன்னா, கொக்கியும் வளைஞ்சுதுன்னா, இது பழைய இனமேதான். நாம பேரு வெச்சு மானம் போயிடும்.”

அவள் பொறுமைசாலி. நான் அவசரக்காரன். நீங்கள் கேட்ட ‘அவசரமாக’ என்பதற்குப் பாதி பதில் இது.

அந்த நாள் வறட்சியின் கடைசி வாரத்தில் வந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. எங்களுக்குத் தோணி ஓட்டுகிறவன் முகோயா. தெற்குக் கரையில் அவன் சொந்தத்தில் ஒரு சாவு, போக வேண்டியிருந்தது. போகிற வழியில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

“வாத்தியாரே, காத்து திரும்பிடுச்சு. திட்டு நகரும். நான் வர்ற வரைக்கும் சும்மா இருங்க. போயே ஆகணும்னாலும் தோணிய விட்டு இறங்காதீங்க. இறங்கினவங்கள கோரை வெச்சுக்கும்.”

“என்னை வெச்சுச் சோறு போட உன் கோரையால ஆகாது முகோயா, போய்ட்டு வா” என்றாள் கவுதா.

“அதுவும் சரிதான், நீ தின்கிற தீனிக்கு” என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளை மிதித்தான்.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் போனோம். கழி போட்டது நான். கோரைக்குள் வெட்டியிருந்த ஒரு குறுகிய வழியில் நுழைந்தோம். உள்ளே காற்று கிடையாது. இரண்டு பக்கமும் ஆளைவிட இரண்டு மடங்கு உயரம் கோரை. தண்ணீர் கறுப்பு. கவுதா ஒரு திட்டின் ஓரத்தில் இறங்கினாள். இறங்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் இந்தப் பூச்சி திட்டின் அடியில், வேர்கள் தாடி போலத் தொங்கும் இடத்தில்தான் இருக்கும். தோணியிலிருந்து வலை எட்டாது. அவள் படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டுத் துழாவினாள். நான் கொஞ்சம் தள்ளித் தோணியை நிறுத்தியிருந்தேன்.

கிடைத்தது. முட்டை சுமக்கும் ஆண். அவள் அதைக் கொண்டுவந்திருந்த குப்பிக்குள் விட்டு மூடினாள். எழுந்து நின்றாள். மகிழ்ச்சியில் எழுந்து நின்றுவிட்டாள். அதுதான் அவள் செய்த தவறு. மிதக்கும் திட்டில் யாரும் நிற்பதில்லை. அவள் காலடியில் வேர்கள் விலகின. அக்குள்வரை உள்ளே போய்விட்டாள்.

இது இங்கே நடப்பதுதான். லொவீசாகூட இரண்டு முறை இப்படிப் போயிருக்கிறாள். உடனே மூழ்கிவிட மாட்டார்கள், வேர்கள் பிடித்துக்கொள்ளும். கீழே இறங்கவும் முடியாது, மேலே ஏறவும் முடியாது. பக்கத்தில் தோணி இருந்தால் கையைப் பிடித்து, உடம்பைச் சாய்த்து, மெதுவாக இழுக்க வேண்டும். கவுதாவும் பயப்படவில்லை. “பாரு, பிடிச்சுட்டேன்னு நினைச்சேன், என்னைப் பிடிச்சுக்கிச்சு” என்று சிரித்தாள். குப்பியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள்.

நான் தோணியை அருகே கொண்டுபோனேன். குப்பியை வாங்கிக்கொண்டேன். அதற்குள் காற்று எழுந்து திட்டுகள் நகர ஆரம்பித்திருந்தன. தோணி விலகிவிட்டது. நாங்கள் வந்த வழி மூடிக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்துவிட்டேன். அவள் உள்ளே இருந்தாள்.

துறையில் நான் சொன்னது இதுதான். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஆண்கள் வெட்டுக்கத்தியோடு போனார்கள். அன்று அவளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முகோயா செய்தி கேட்டுச் சாவு வீட்டிலிருந்து நேராகத் திரும்பி வந்து, மறுநாள் திட்டின் அடியில் அவளைக் கண்டுபிடித்தான். அவனே தூக்கி வந்தான். ‘போக வேண்டாம்னு சொன்னேனே’ என்று அவன் என்னிடம் கேட்கவில்லை.

அவளைக் குளிப்பாட்டியவர்கள் பெண்கள். அவள் அம்மாவும் கூட இருந்தார். உங்கள் பக்கம் எப்படியோ தெரியாது, டாக்டர். எங்கள் வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் ஒரே அறையில் இருப்பதில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பாதையில் எதிரே வந்தால் ஒருவர் கோரைக்குள் இறங்கி ஒதுங்கிக்கொள்வார். துக்கத்திலும் அப்படித்தான். நான் இந்த அறையில் இருந்தேன். அவர் அடுத்த அறையில், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சுவர் மேலே தகரம்வரை போகாது. குரல் அதற்கு மேலாக வந்தது.

“மாப்பிள்ளே, அங்க இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“எம் பொண்ணு கடைசியா என்ன சொன்னா?”

நான் யோசித்தேன். அவருக்கு எது ஆறுதல் தரும் என்று யோசித்தேன். “‘நீ பூச்சியக் கொண்டு போ, அது செத்துடப் போகுது, நான் சமாளிச்சுக்கறேன்’ன்னு சொன்னா” என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அழுதார். “ஆமா. அவ அப்படித்தான் சொல்லுவா. சின்ன வயசுலயும் சோத்தை விட்டுட்டுப் புழுவைத்தான் பார்ப்பா” என்றார். பிறகு வேறு குரலில் கேட்டார்.

“மாப்பிள்ளே, அவ தோள்ல ஒரு தடம் இருக்கு. கழுத்தெலும்புக்குப் பக்கத்துல. வட்டமா.”

“தேடுறப்ப கழி பட்டிருக்கும், அம்மா. நிறையப் பேரு கழி போட்டாங்க.”

“இருக்கும்” என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்திருந்தால் அந்த ‘இருக்கும்’ வந்திருக்குமா என்று சில நாள் நினைப்பதுண்டு. ஆனால் அவரால் பார்க்க முடியாது. இன்றுவரை பார்க்கவில்லை. மாதம் ஒருமுறை ஒரு பெட்டைக்கோழியையோ வேர்க்கடலையையோ யாரிடமாவது கொடுத்தனுப்புகிறார். நான் சீனி அனுப்புகிறேன். நாங்கள் நல்ல உறவில்தான் இருக்கிறோம்.

துக்கத்துக்கு மழித்த தலையில் முடி வளர்வதற்குள் நான் எழுதி முடித்துவிட்டேன். கொக்கியை நானே வரைந்தேன். அவள் அளவுக்கு வராவிட்டாலும் நன்றாகவே வந்தது. அவள் பெயரை வைத்தேன். நீங்கள் அச்சில் பார்த்திருப்பீர்கள்: அவள் பெயர், அதற்குப் பின்னால் என் பெயர். எங்கள் தொழிலின் விதி அது. இனத்தின் பெயரை முழுமையாக எழுதுகிற யாரும் எழுதியவன் பெயரைச் சேர்த்துத்தான் எழுத வேண்டும். உலகத்தில் எங்கே, எந்த மொழிக்காரர் எழுதினாலும் சரி. கல்யாணத்தில்கூட இப்படி ஒரு கட்டு கிடையாது. அவள் எங்கேயும் போக முடியாது. நானும் போக முடியாது.

அவள் குலத்துப் பெரியவர்களிடம் ஆடு கொண்டு போனேன். நல்ல ஆடுதான். பூச்சிக்கா என்று கேட்டு ஒருவர் சிரித்தார். பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது தொட்டிகளுக்கு வருகிறேன். நீங்கள் உள்ளே வந்ததிலிருந்து அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த ஆணை உடனே சாராயத்தில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அதன் முதுகில் முட்டைகள் இருந்தன. பொரிக்கும்வரை வைத்திருந்தேன். அது ஒரு நாளைக்குப் பலமுறை மேலே வந்து, முதுகை நீருக்கு வெளியே காட்டி, மெல்ல ஆட்டி முட்டைகளுக்குக் காற்றுக் கொடுக்கும். முட்டை இருக்கும்வரை அதால் இறகை விரிக்க முடியாது. நான் பள்ளிக்கூடம் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பொரித்த பிறகுதான் அதைச் சாராயத்தில் இறக்கினேன். அதுதான் உங்களுக்கு வேண்டிய மூல மாதிரி. அந்தப் பெயர் நிற்பது அந்த ஒரு உடலின் மேல். அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம்.

குஞ்சுகளை வளர்த்தேன். மழை வந்தது. கடைசித் தோலை உரித்தபோது அவற்றின் இறகுகள் நீளமாக இருந்தன. வயிற்றை முழுவதும் மூடின. ஒன்றைத் திறந்து கொக்கியைப் பார்த்தேன். அரிவாள்.

ஆமாம். நீங்கள் எழுதப்போவது சரிதான். புது இனம் இல்லை. பழைய இனத்தின் வறட்சிக்கால உடம்பு. கவுதா சோளக்களி கிண்டிக்கொண்டே சொன்னது.

நீள இறகு வந்தவற்றை மண்ணெண்ணெயில் போட்டேன். ஒவ்வொரு மழைக்கும் போடுகிறேன். குட்டை இறகு உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். இன்னொரு ஆணை நான் ஏன் அனுப்பவில்லை என்று நீங்கள் மூன்று முறை எழுதிக் கேட்டீர்கள். ஒன்றை அனுப்பினால் அதன் பிள்ளைகளையும் கேட்பீர்கள் என்றுதான் நான் பதில் போடவில்லை. உங்கள் மேல் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

இப்போது என் வேண்டுகோள். நீங்கள் எழுதினால் அவள் பெயர் விழுந்துவிடும். பழைய பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில், செல்லாத பெயர் என்று போடுவார்கள். விழுந்த பெயரை யாரும் சொல்வதில்லை. அப்படியானால் அவள் போனது எதற்காக? நீங்கள் அவளை மதித்தவர். அவள் இறந்தது ஒன்றுமில்லாததற்காக என்று நீங்களே எழுதலாமா? யோசியுங்கள். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். ஒற்றை மாதிரி ஏன் ஒற்றையாகவே நின்றது என்று தெரிந்தால், அதை விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

உங்கள் முகத்தைப் பார்த்தால் நான் இன்னும் சரியாகச் சொல்லவில்லை என்று தெரிகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அரைகுறை விவரணை பிடிக்காது. முழுவதும் சொல்கிறேன்.

தோணி விலகியது என்றேன். தோணி தானாக விலகாது; கோரைக்குள் காற்று கிடையாது என்று நானே சொல்லியிருந்தேன். திட்டுகள் பிறகுதான் நகர்ந்தன. நான் குப்பியை வாங்கி, தோணியின் அடியில் ஈரத் துணிக்குள் வைத்தேன். நிமிர்ந்தபோது அவள் வலது கையை என் பக்கம் நீட்டியிருந்தாள். சேறு பூசிய கை. அந்தக் கையைப் பிடித்தால் என்னவாகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் மேலே வருவாள். குப்பியை எடுத்துக்கொள்வாள். மழையைப் பார்ப்பாள். பிறகு போய்விடுவாள். நான் இந்த அறையில் இருப்பேன், மூன்று பக்கமும் கோரையோடு. இதில் கோபம் எதுவும் இல்லை. அவள் பெயர் நிலைக்க வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. அவளுக்கு நல்லது எது என்று அவளைவிட எனக்குத் தெரிந்திருந்தது.

தோணியைத் தள்ள வேண்டுமானால் கழியை எதிலாவது ஊன்ற வேண்டும். அங்கே தரை எட்டாது. வேரில் ஊன்றினால் அமுங்கும். உறுதியான ஒன்றில் ஊன்றினேன். அவள் கழியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், நான் ஏதோ தவறுதலாகச் செய்துவிட்டது போல. மண்ணெண்ணெய் டப்பா வற்றியிருந்த அன்று பார்த்தது போலவே பொறுமையாக. ஒருமுறை தள்ளினால் தோணி விலகியிருக்கும். நான் அவள் தலை தெரியாமல் போகும்வரை தள்ளினேன்.

அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை. பேச முடியவில்லை. அவள் அம்மாவிடம் நான் சொன்னதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருப்பாள் என்றுதான் நினைத்து வந்தேன். இத்தனை காலமும் சுவரைத் தாண்டி நான் சொன்னதையே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் அவள் சொன்னது என்று ஏறக்குறைய நம்பியும்விட்டேன். ஆனால் நீங்கள் சரியான விவரம் கேட்கிறவர்.

நான் குப்பியைத் துணிக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கையை நீட்டியபடி அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“பத்திரமா வெச்சிட்டியா? சரி, இப்ப கையைக் குடு.”